வீட்டுத் தோட்டத்தில் குட்டை ஊசியிலைச் செடிகள்

குட்டை ஊசியிலைச் செடிகள் என்பவை ஊசியிலை மரக் குடும்பங்களைச் சேர்ந்தவையாக இருந்தும், தம் இனத்தின் இயல்பான உயரத்தை எட்டாமல் மெதுவாகவும் அடர்த்தியாகவும் வளரும் ரகங்கள் ஆகும். குளிர் நாடுகளில் வீட்டு முகப்பு, பாறைத் தோட்டம், நடைபாதை ஓரம் ஆகியவற்றில் இவை பெருமளவில் நடப்படுகின்றன. தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களிலும் அண்மைக் காலமாக இவற்றின் மீது விருப்பம் கூடியுள்ளது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர் போன்ற ஊர்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் வாசலில் இரு பக்கமும் 'கோல்டன் தூஜா' தொட்டியோ, ஒரு மூலையில் 'கிறிஸ்துமஸ் மரமோ' வைப்பது வழக்கமாகி வருகிறது.

இச்செடிகளை வாங்குவோர் பெரும்பாலும் மூன்று சிக்கல்களைச் சந்திக்கின்றனர். விற்கப்படும் பெயரும் செடியும் பொருந்துவதில்லை. குட்டை என்று வாங்கியது குட்டையாக நிற்பதில்லை. குளிர் நாட்டுச் செடி கரிசல் மண்ணிலும் கோடை வெயிலிலும் நிலைப்பதில்லை. பட்டாசுத் தொழில் நடக்கும் இப்பகுதியில் நான்காவதாக ஒன்றும் உண்டு. பிசின் நிறைந்த இச்செடிகள் காய்ந்தால் விரைவில் தீப்பற்றக் கூடியவை.

ஊசியிலைத் தாவரங்கள்

ஊசியிலைத் தாவரங்கள் திறந்த விதைத் தாவரங்களில் ஒரு பிரிவாகும். மா, வேம்பு போன்ற பூக்கும் தாவரங்களில் விதை கனிக்குள் மூடப்பட்டிருக்கும். ஊசியிலைத் தாவரங்களில் பூவும் கனியும் இல்லை. விதைகள் கூம்பு எனப்படும் செதிலடுக்கின் மேல் அமைந்திருக்கும். உலகில் 600க்கும் மேற்பட்ட ஊசியிலைச் சிற்றினங்கள் உள்ளன. பைன், தேவதாரு, சைப்ரஸ், ஜூனிபர், தூஜா, அரவ்கேரியா, போடோகார்ப்பஸ் ஆகியவை நன்கு அறியப்பட்ட பேரினங்கள்.

'ஊசியிலை' என்ற பெயர் இருந்தாலும் எல்லாவற்றின் இலையும் ஊசி போல் இருப்பதில்லை. தூஜா, சைப்ரஸ் ஆகியவற்றின் இலைகள் மீன் செதில் போலக் கிளையோடு ஒட்டியிருக்கும். போடோகார்ப்பஸின் இலை அரளி இலை போல நீண்டு தட்டையாக இருக்கும்.

உலகின் மிக உயரமான மரமும் ஊசியிலை மரமே. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளரும் கடற்கரைச் செம்மரம் 115 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. அதே சிற்றினத்தில் இடுப்பளவே வளரும் குட்டை ரகங்களும் உள்ளன. ஒரு செடி பைனா, ஜூனிபரா என்று இனம் அறிந்தால் மட்டும் அதன் உயரத்தைச் சொல்லிவிட முடியாது, ரகத்தையும் அறிய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'குட்டை' என்பதன் அளவு

'குட்டை' என்பது வளர்ச்சி நின்றுவிட்ட செடியைக் குறிப்பதில்லை. ஆண்டுதோறும் குறைவாக வளரும் செடியையே குறிக்கிறது. அமெரிக்க ஊசியிலைத் தாவரக் கழகம் ஆண்டு வளர்ச்சியை வைத்து நான்கு பிரிவுகளை வகுத்துள்ளது.

1. நுண் வகை: ஆண்டுக்கு 2.5 செ.மீ.க்கும் குறைவு. 10 ஆண்டுகளில் சுமார் 30 செ.மீ. வரை.
2. குட்டை வகை: ஆண்டுக்கு 2.5 முதல் 15 செ.மீ. 10 ஆண்டுகளில் 30 செ.மீ. முதல் 1.8 மீட்டர் வரை.
3. இடைப்பட்ட வகை: ஆண்டுக்கு 15 முதல் 30 செ.மீ. 10 ஆண்டுகளில் 1.8 முதல் 4.5 மீட்டர் வரை.
4. பெரு வகை: ஆண்டுக்கு 30 செ.மீ.க்கு மேல். 10 ஆண்டுகளில் 4.5 மீட்டருக்கு மேல்.

குட்டை வகையைச் சேர்ந்த ஒரு செடி 20 ஆண்டுகளில் ஆள் உயரத்தைத் தாண்டலாம். இந்த அளவுகள் குளிர் நாடுகளில் கணக்கிடப்பட்டவை. அங்கு ஆண்டில் சில மாதங்களே செடி வளரும். வெப்பமான இடத்தில் தண்ணீரும் உரமும் கிடைத்தால், தாக்குப்பிடிக்கும் இனங்கள் இதைவிட வேகமாக வளரக் கூடும்.

போன்சாய் இதிலிருந்து வேறுபட்டது. போன்சாய் என்பது வேரையும் கிளையையும் வெட்டி, சிறு தொட்டியில் அடக்கி மனிதர் குட்டையாக்கிய மரம். அதைப் பெயர்த்துத் தரையில் நட்டால் இயல்பான மரமாக வளரத் தொடங்கும். குட்டை ரகம் தரையில் நட்டாலும் குட்டையாகவே இருக்கும்.

குட்டைத் தன்மை தோன்றும் வழிகள்

குட்டை ரகங்கள் பெரும்பாலும் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டவை.

துடைப்பக் கொத்து: பெரிய மரத்தின் ஒரு கிளையில் மட்டும் சிறு கிளைகள் நெருக்கமாகக் கூடி, துடைப்பக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போல் வளர்வதுண்டு. பூஞ்சை, சிலந்திப்பேன் போன்றவற்றாலும் இது நேரலாம். மொட்டில் ஏற்பட்ட மரபு மாற்றத்தால் தோன்றியதாக இருந்தால், அதிலிருந்து எடுத்து ஒட்டுக் கட்டிய செடியும் குட்டையாகவே வளரும்.

நாற்று மாற்றம்: விதைத்த பல்லாயிரம் நாற்றுகளில் ஒன்றிரண்டு இயல்பாகவே குட்டையாக முளைப்பது.

இளமை நிலைப்பு: செதில் இலை கொண்ட இனங்கள் நாற்றாக இருக்கும்போது மென்மையான ஊசி இலைகளைக் கொண்டிருக்கும். சில ரகங்கள் அந்த இளம் நிலையிலேயே நிலைத்துவிடுகின்றன.

1904ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில், இன்று லூயிஸ் ஏரி எனப்படும் இடத்துக்கு அருகே, ஆர்னால்டு தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஜே. ஜி. ஜாக், ஆல்பிரட் ரேடர் இருவரும் வெண் ஸ்ப்ரூஸ் மரத்தின் குட்டை நாற்றுகளைக் கண்டனர். கூம்பு வடிவில் நெருக்கமாக வளரும் 'கோனிகா' ரகம் இவ்வாறு கிடைத்ததே. உலகெங்கும் மிகுதியாக விற்கப்படும் குட்டை ஊசியிலைச் செடிகளில் அதுவும் ஒன்று.

இத்தகைய ரகங்களைப் பதியன், போத்து, ஒட்டு ஆகிய முறைகளில் பெருக்கினால்தான் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வரும். விதையிலிருந்து வளர்த்தவை ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றில் பல நெடிய மரமாகவே வளர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஊசியிலை மரங்கள்

தென்னிந்தியாவை இயல்பான வாழிடமாகக் கொண்ட ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான். நகேயா வாலிச்சியானா எனப்படும் அம்மரம் அகத்தியமலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் காணப்படுகிறது. அதன் இலை அகன்றது. நடு நரம்பு இல்லாமல் நரம்புகள் இணையாக ஓடும். அது குட்டைச் செடி அன்று, நெடிய காட்டு மரம்.

பழங்காலத்தில் நிலை வேறாக இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் இதை வெளிப்படுத்தினார். பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முன் நிலத்தில் ஓங்கியிருந்த ஊசியிலை மரங்களில் ஒன்றே இவ்வாறு கல்லாகியுள்ளது.

இன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காணப்படும் பைன், சைப்ரஸ் மரங்கள் ஆங்கிலேயர் காலத்திலிருந்து நடப்பட்டவை. வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848 முதல் உருவாக்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவிலும், 1908இல் அமைக்கப்பட்ட கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் இவற்றை நேரில் காணலாம். சுற்றுலா சென்று வருவோர் அங்குள்ள நர்சரிகளில் சிறு செடி வாங்கி வருவதும், அது ஊருக்கு வந்த சில மாதங்களில் காய்வதும் அடிக்கடி நிகழ்கின்றன. 2,000 மீட்டர் உயரத்தில் தழைத்த செடிக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடே அதற்குக் காரணம்.

ஆமத்தூர் பகுதியின் மண்ணும் காலநிலையும்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வறண்ட சமவெளி. மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. கோடையில் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். இரவிலும் சூடு முழுமையாகத் தணிவதில்லை. கரிசல் மண் மிகுதி. சில இடங்களில் செம்மண்ணும் செவலையும் உண்டு. பல கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீர் உவர்ப்பாக உள்ளது.

இச்சூழல் ஊசியிலைச் செடிகளை நான்கு வகையில் பாதிக்கிறது.

முதலாவது, குளிர்க் குறைவு. ஸ்ப்ரூஸ், பர் ஆகிய இனங்களுக்கு ஆண்டில் சில மாதம் உறங்கும் அளவுக்குக் கடுங்குளிர் தேவை. அது கிடைக்காமல் அவை படிப்படியாக நலிந்துவிடும்.

இரண்டாவது, வெப்பமான இரவு. பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த உணவை இரவில் சுவாசத்துக்காகச் செலவிட்டுவிடுவதால் குளிர் நாட்டுச் செடிக்குச் சேமிப்பு இருப்பதில்லை.

மூன்றாவது, கரிசலின் இயல்பு. மழையில் ஊறி உப்பி, காற்றுப் புகாதபடி இறுகும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து மெல்லிய வேர்களை அறுக்கும்.

நான்காவது, காரத்தன்மை. கரிசல் மண்ணின் அமில காரக் குறியீடு பொதுவாக 7.5க்கும் மேல் இருக்கும். அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புதுவீட்டு வாசலில் புதைந்திருக்கும் சிமெண்டு, சுண்ணாம்புக் கழிவுகள் இதை மேலும் கூட்டும்.

அடையாளம் காணும் முறை

கையில் உள்ள செடி எந்த இனம் என்பதை அறிய இலையில் தொடங்குவது எளிது.

ஊசிகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாக ஒரே அடியில் கட்டுப்போல் சேர்ந்திருந்தால் அது பைன்.

ஊசிகள் தனித்தனியாக இருந்து, விரல்களுக்கிடையே உருட்டும்போது நான்கு பட்டையாக உருண்டால் அது ஸ்ப்ரூஸ். இலை உதிர்ந்த இடத்தில் சிறு முளை நீட்டிக்கொண்டிருக்கும். தட்டையான ஊசியாக இருந்து, உதிர்ந்த இடத்தில் வட்டமான வழவழப்பான தழும்பு மட்டும் இருந்தால் அது பர்.

ஒரே செடியில் குத்தும் முள்ளிலையும் குத்தாத செதிலிலையும் கலந்திருந்தால் அது பெரும்பாலும் ஜூனிபர். அதன் கூம்பு சதைப்பற்றோடு சிறு பழம் போல் உருண்டிருக்கும்.

செதில் இலைகள் விசிறி போலத் தட்டையாக விரிந்தால் அது தூஜா வகை.

கிளைகள் ஒரே மட்டத்தில் சக்கர ஆரம் போலச் சுற்றி விரிந்து, அடுக்கடுக்காக மேலே சென்றால் அது அரவ்கேரியா.

இலைக்கு அடுத்து மணத்தையும் கூம்பையும் பார்க்க வேண்டும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வந்தால் அது 'கோல்டுகிரெஸ்ட்' எனப்படும் மான்டரே சைப்ரஸ் ரகமாக இருக்கலாம்.

நர்சரிகளில் கிடைக்கும் செடிகள்

கோல்டன் தூஜா: சமவெளியில் 'தூஜா' என்றும், வடநாட்டு வழக்கைப் பின்பற்றி 'மோர்பங்கி' என்றும் விற்கப்படுவது பெரும்பாலும் உண்மையான தூஜா அன்று. அது கீழ்த்திசைத் தூஜா எனப்படும் பிளாட்டிகிளாடஸ் ஓரியண்டாலிஸ். 1753இல் லின்னேயஸ் இதைத் தூஜா பேரினத்தில் வைத்தார். 1949இல் பிராங்கோ இதைத் தனிப் பேரினத்தின் கீழ்க் கொண்டுவந்தார். கடை வழக்கில் பழைய பெயர் நின்றுவிட்டது. இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பிளாட்டிகிளாடஸின் இலை விசிறிகள் புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தியது போல் நிற்கும். இரு பக்கமும் ஒரே பச்சை. கசக்கினால் மணம் குறைவு. இளங்கூம்பு நீலச் சாம்பல் நிறத்தில் கொக்கி போன்ற முனைகளோடு இருக்கும். விதைக்கு இறக்கை இல்லை. மேற்கத்திய தூஜாவின் விசிறிகள் படுக்கைவாட்டில் விரியும். மணம் மிகுதி. விதைக்கு இறக்கை உண்டு.

இந்த வேறுபாடு பெயருக்காக மட்டுமன்று. பிளாட்டிகிளாடஸ் வெப்பத்தையும் ஓரளவு காரமண்ணையும் தாங்கும். மேற்கத்திய தூஜா குளிர்ந்த ஈர மண்ணை நாடுவது. ஆமத்தூர் போன்ற ஊருக்கு முன்னதே பொருந்தும். அதன் 'ஆரியா நானா' ரகம் முட்டை வடிவில் பொன்னிறமாக வளரும் உண்மையான குட்டை ரகம். விதையில் வளர்த்த சாதாரண பிளாட்டிகிளாடஸ் 10 மீட்டருக்கு மேலும் வளரும்.

கிறிஸ்துமஸ் மரம்: இப்பெயரில் விற்கப்படுவது அரவ்கேரியா. நார்போக் தீவு அரவ்கேரியா, குக் அரவ்கேரியா என இரண்டு இனங்கள் இப்பெயரில் கலந்து விற்கப்படுகின்றன. இரண்டின் தாயகமும் தென் பசிபிக் தீவுகள். கேப்டன் குக் 1774இல் அப்பகுதிகளுக்குச் சென்றபோது இம்மரங்கள் ஐரோப்பியருக்குத் தெரியவந்தன. இவை எவ்வகையிலும் குட்டைச் செடிகள் அல்ல. தாயகத்தில் 50 மீட்டரையும் தாண்டுபவை. தொட்டியில் இருக்கும்வரை சிறிதாகத் தெரியும். தரையில் நட்டால் சில ஆண்டுகளில் மாடியையும் மின்கம்பியையும் எட்டிவிடும்.

குக் அரவ்கேரியா பூமத்தியரேகை இருக்கும் திசை நோக்கிச் சாய்ந்து வளரும் இயல்புடையது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்து கண்டங்களில் அளந்த மரங்களின் சராசரிச் சாய்வு 8 பாகைக்கும் மேல். எனவே தமிழ்நாட்டில் இது தெற்கு நோக்கிச் சாய்வது நோயன்று.

இம்மரத்தின் பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது நிமிர்ந்து வளராது, படுக்கைவாட்டிலேயே வளரும். நுனியை வெட்டிக் குட்டையாக்க முயன்றாலும் அதன் அடுக்கு வடிவம் கெட்டுவிடும்.

ஜூனிபர்: சீன ஜூனிபரின் ரகங்கள், தரையில் படரும் ரகங்கள், போன்சாய்க்கான 'நானா' ரகம் ஆகியவை கிடைக்கின்றன. நாள் முழுதும் வெயிலும் நல்ல வடிகாலும் தேவை. வறட்சியைத் தாங்கும், வேரில் நீர் தேங்குவதைத் தாங்காது.

போடோகார்ப்பஸ்: போடோகார்ப்பஸ் மேக்ரோபில்லஸ் என்ற இனத்தின் 'மாக்கி' ரகம் வேலியாகவும் தொட்டிச் செடியாகவும் வளர்க்கப்படுகிறது. வெப்பத்தையும் பாதி நிழலையும் தாங்கும். வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். காரமண்ணில் மட்டும் இலை மஞ்சளாகும். எனவே தொட்டிக்கே ஏற்றது. இதன் விதை உண்ணத் தக்கதன்று.

மான்டரே சைப்ரஸ் 'கோல்டுகிரெஸ்ட்': பெங்களூரு, ஊட்டி நர்சரிகளிலிருந்து வரும் எலுமிச்சை மணச் செடி. சமவெளிக் கோடையில் நிலைப்பது அரிது. சில மாத அழகுக்காக வாங்குவோர் அதை அறிந்தே வாங்குவது நல்லது.

ஊசியிலை போலத் தோன்றும் பிற செடிகள்

சவுக்கு பார்வைக்குப் பைன் போலவே இருக்கும். சிறு கூம்பு போன்ற காயும் உண்டு. ஆனால் அது பூக்கும் தாவரம். ஊசி போலத் தெரிவது இலையன்று, கணுக்கணுவாக அமைந்த பச்சை நிறக் குச்சி. இரு முனையையும் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் போலத் தெரியும் நுண்செதில்களே உண்மையான இலைகள். பைன் ஊசியில் கணு இராது. பள்ளி மாணவர்களுக்கு இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இதைவிட எளிய சோதனை இல்லை.

சைகஸ் திறந்த விதைத் தாவரம்தான், ஆனால் ஊசியிலைப் பிரிவைச் சேர்ந்ததன்று. பனை போன்ற மட்டை கொண்டது. இதன் எல்லாப் பகுதிகளும், குறிப்பாக விதை, நஞ்சு. நாய் வளர்க்கும் வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

மென்மையான ஊசித்தழை கொண்ட அழகு அஸ்பாரகஸ், தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவுச் செடி. இதுவும் ஊசியிலைத் தாவரம் அன்று.

செடி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஊசியிலைச் செடி இறந்த பின்னும் பல வாரங்களுக்குப் பச்சையாகவே தோன்றும். பிற செடிகளைப் போல உடனே வாடித் தொங்காது. எனவே நிறத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. சிறு குச்சியை வளைத்துப் பார்த்தால் உயிருள்ளது வளையும், இறந்தது முறியும். பட்டையை நகத்தால் மெல்லக் கீறினால் உள்ளே ஈரப்பச்சை தெரிய வேண்டும்.

தொட்டியின் அடியில் வேர் சுருண்டு வெளிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலைப்பகுதியிலிருந்து அப்போதே இறக்கிய செடியைவிட, சமவெளி நர்சரியில் ஒரு கோடையைக் கடந்த செடி பல மடங்கு நம்பகமானது. போத்து அல்லது ஒட்டில் வந்ததா, விதையில் வந்ததா என்பதையும் கேட்டறிவது நல்லது.

நடவு

இப்பகுதியில் நடவுக்கு ஏற்ற காலம் வெயில் தணியும் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரை. மார்ச்சு முதல் ஜூன் வரை நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

கரிசலில் குழி தோண்டி, அதில் மட்டும் நல்ல மண் நிரப்பி நடுவது பயன் தராது. சுற்றிலும் இறுகிய மண் இருப்பதால் மழைக்காலத்தில் அக்குழி கிணறு போல நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும். அதற்கு மாறாக ஒன்று முதல் ஒன்றரை அடி உயர மேடு அமைத்து அதன் மேல் நடுவது நல்லது.

தொட்டியில் வளர்ப்பது இன்னும் எளிது. செம்மண் இரண்டு பங்கு, பருமணல் அல்லது சிறு கல்பொடி ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை போதும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் மாவு போன்ற தூளைச் சலித்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வடிகால் அடைபடும். கருநிறப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரைச் சுடும். மண் அல்லது சிமெண்டுத் தொட்டி ஏற்றது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரருகே வைக்காமல், காலை வெயில் கிடைக்கும் கிழக்குப் பக்கம் வைக்கலாம்.

நீரும் உரமும்

தினமும் சிறிது ஊற்றுவதைவிட, மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின் நன்றாக ஊற்றி வடியவிடுவதே முறை. உவர்நீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் தொட்டியின் ஓரத்தில் வெள்ளை உப்புப் படியும். மழைநீரைச் சேமித்து அவ்வப்போது ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். வடிகட்டும் கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் உப்பு மேலும் செறிந்திருக்கும் என்பதால் அதை இச்செடிகளுக்கு ஊற்றக் கூடாது.

உரம் குறைவாகவே தேவை. ஆண்டுக்கு இருமுறை மக்கிய உரம் இட்டால் போதும். யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை மிகுதியாக இட்டால் செடி நீண்டு தளர்ந்து குட்டை வடிவத்தை இழக்கும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. காரமண்ணில் சாதாரண இரும்பு உரம் விரைவில் பயனற்றுப் போகும். இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு உரமே அங்கு வேலை செய்யும். உரம் வாங்கும் முன் மண்ணைப் பரிசோதிப்பது செலவைக் குறைக்கும்.

கத்தரித்தல்

செம்பருத்தியையோ டுராண்டாவையோ வெட்டுவது போல ஊசியிலைச் செடியை வெட்டக் கூடாது. பெரும்பாலான ஊசியிலைச் செடிகளில் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து புதுத்துளிர் வராது. அதுவரை வெட்டினால் அவ்விடம் என்றும் மொட்டையாகவே நிற்கும். போடோகார்ப்பஸ் போன்ற சிலவே விதிவிலக்கு.

எனவே பச்சை இலை உள்ள நுனிப்பகுதியை மட்டும், ஆண்டுக்கு ஓரிரு முறை, சிறிதளவே கத்தரிக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. வேலியாக வளர்த்தால் அடிப்பகுதி அகன்றும் மேற்பகுதி குறுகியும் இருக்குமாறு வெட்டினால் கீழ்க்கிளைகளுக்கு ஒளி கிடைக்கும்.

சில குட்டை ரகங்களில் திடீரென ஒரு கிளை மட்டும் வேகமாக, பெரிய இலைகளோடு நீண்டு வளரும். தாய் இனத்தின் இயல்புக்கு அக்கிளை திரும்பிவிட்டது என்பது பொருள். 'கோனிகா' ரகத்தில் இது மிகுதி. பொன்னிற ரகங்களில் முழுப்பச்சைக் கிளையாகவும் தோன்றும். கண்டவுடன் அடியோடு நீக்க வேண்டும். விட்டுவிட்டால் வலுவான அக்கிளையே செடி முழுவதையும் ஆட்கொண்டுவிடும்.

காய்தலுக்கான காரணங்கள்

உட்பகுதி இலைகள் மட்டும் பழுப்பாகி உதிர்வது பெரும்பாலும் இயல்பானது. வயதான இலைகள் அவ்வாறே கழியும். நுனிகள் காய்ந்தால் நீர்ப் பற்றாக்குறை, உப்பு அல்லது வேர் அழுகலைத் தேட வேண்டும். ஈரமான மண்ணில் செடி காய்ந்தால் வேர் அழுகல் என்று கொள்ளலாம். அப்போது மேலும் தண்ணீர் ஊற்றுவது கேட்டை விரைவுபடுத்தும்.

கோடையில் இலைகள் மங்கி வெளிறினால், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்ட வேண்டும். நகரும் நுண்புள்ளிகள் விழுந்தால் அவை சிலந்திப்பேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பெருமளவு குறையும். மீண்டும் வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலை வேளையில் தெளிக்கலாம். செதில் பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் இதே முறை உதவும்.

தீயும் ஊசியிலைச் செடிகளும்

ஊசியிலைச் செடிகளின் இலையிலும் பட்டையிலும் பிசினும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களும் உள்ளன. அடர்த்தியான குட்டை ரகங்களில் வெளிப்புறம் பச்சையாக இருந்தாலும் உட்புறம் காய்ந்த இலைகள் சிக்கிக் கிடக்கும். காட்டுத்தீ அபாயமுள்ள அமெரிக்க மேற்கு மாநிலங்களில், வீட்டைச் சுற்றி 30 அடிக்குள் ஜூனிபர் நட வேண்டாம் என்று தீயணைப்புத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

சிவகாசி, விருதுநகர், சாத்தூர் வட்டாரங்களில் இந்த அறிவுரைக்குக் கூடுதல் பொருள் உண்டு. பட்டாசு ஆலைகளிலும் மருந்து அறை, இருப்புக் கிடங்கு ஆகியவற்றின் அருகிலும் காய்ந்த புல், புதர், எளிதில் தீப்பற்றும் பொருள் எதுவும் இல்லாமல் வைத்திருப்பது அடிப்படையான பாதுகாப்பு நடைமுறை. எனவே ஆலை வளாகத்தை அழகுபடுத்தும்போது அலுவலக முகப்பில்கூட தூஜா, ஜூனிபர் வேலி அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். பட்டாசுக் கடைகளின் முன்பும் தொட்டிச் செடியாக வைப்பது பொருத்தமன்று.

வீடுகளில் தீபாவளிக்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. செடியின் உட்பகுதியைக் கையால் விலக்கிக் காய்ந்த இலைகளை உதறி எடுக்க வேண்டும். அடியில் சேர்ந்த சருகைக் கூட்டி அகற்ற வேண்டும். முதல்நாள் செடியும் மண்ணும் நனைய நீர் தெளிக்க வேண்டும். தொட்டிகளைப் புஸ்வாணம், சங்குசக்கரம் கொளுத்தும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். முழுதும் காய்ந்துவிட்ட செடியை வாசலில் விட்டுவைக்கக் கூடாது. அது துளிர்க்கப் போவதில்லை, தீக்கு எரிபொருளாக மட்டுமே இருக்கும். கூரை வேய்ந்த கொட்டகை, எரிவாயு உருளை, மின்மாற்றி ஆகியவற்றின் அருகே இச்செடிகளை நடாமலிருப்பது ஆண்டு முழுவதற்கும் பொருந்தும்.

மாற்றுச் செடிகள்

ஊசியிலைச் செடிகளின் வடிவமே தேவை என்றால் இப்பகுதிக்கு இயைந்த செடிகளாலும் அதைப் பெறலாம். நெடிதுயர்ந்த குறுகிய வடிவத்துக்கு நெட்டிலிங்கம் உதவும். பொன்னிற உருண்டைக்குத் தங்க டுராண்டா போதும். கத்தரித்து வளர்க்கும் வேலிக்கு மருதாணியும் ஆடாதொடையும் ஏற்றவை. இரண்டும் வெட்டினால் துளிர்க்கும். ஆடாதொடையை ஆடு மேயாது. வறண்ட நிலத்தில் தழைக்கும் விராலியும் நல்ல வேலிச் செடிதான். ஆனால் அதன் இலையிலும் பிசின் இருப்பதால் ஆலைகளின் அருகே தவிர்க்க வேண்டும். நீர்ச்சத்து மிகுந்த சோற்றுக் கற்றாழை, தீ அபாயமுள்ள இடங்களில் ஓரச் செடியாக நடத் தக்கது.

ஊசியிலைச் செடியே வேண்டும் என்போருக்கு, கரிசல் ஊர்களில் தொட்டியில் வளர்க்கும் பிளாட்டிகிளாடஸ் 'ஆரியா நானா', அடுத்தபடியாகப் போடோகார்ப்பஸ் ஆகிய இரண்டும் மற்றவற்றைவிட நீண்டநாள் நிலைக்கின்றன.